ரிங்லெட் மேட்டில் சீரீஸ் 3 லேண்ட் ரோவர்: ஸ்டேரிங் ஆட்டத்தை எங்கிருந்து பிடிப்பது

மலேசியாவின் கேமரன் மலையில் கொழுந்து மூட்டைக்கும் காய்கறிக் கூடைக்கும் இன்றும் ஓடுகிற சீரீஸ் 3 வண்டிகள் 1971 முதல் 1985 வரை வந்தவை. எஞ்சின் எப்படியோ தாக்குப்பிடித்துவிடும். ஸ்டேரிங் ஆட்டம்தான் ஓயாத தொல்லை. தாப்பா ரோட்டில் இறங்கும்போது வண்டி ஒரு பக்கம் போகும், கை இன்னொரு பக்கம் திருத்திக்கொண்டே இருக்கும். போர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) விட்டால் பெரும்பாலும் முதலில் ஸ்டேரிங் பாக்ஸின் பக்கத்தில் இருக்கும் திருகை இறுக்கித் தருவார். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டிய இடம்.

நேராக ஓடும்போது நிற்கிற நடுப்பகுதியில்தான் பாக்ஸ் அதிகம் தேயும், இரண்டு ஓரங்களிலும் அவ்வளவு தேயாது. நடுவில் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். வளைவு தாண்டியும் ஸ்டேரிங் தானாக நேருக்குத் திரும்பாது. மலை ரோட்டில் இது ஆட்டத்தைவிடப் பெரிய ஆபத்து.

பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மூன்று ராடு, ஆறு பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு), முன் சேசிஸ் குறுக்குச் சட்டத்துக்குள் ஒரு ரிலே (ஒரு ராடின் அசைவை இன்னொன்றுக்குக் கடத்தும் தண்டு) இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேய்ந்தாலே எல்லாம் சேர்ந்து கைப்பிடியில் பெரிதாகத் தெரியும். அதனால் ஒரே குற்றவாளியைத் தேடிப் பயனில்லை.

பார்க்கும் முறை எளிது. எஞ்சினை நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டேரிங்கை இடம் வலமாகச் சிறிது சிறிதாக ஆட்டட்டும். இன்னொருவர் ஒவ்வொரு ஜாயிண்டையும் விரல்களால் சுற்றிப் பிடிக்க வேண்டும். பந்தின் தண்டு அசைந்து கூடு அசையாமல் நின்றால் அந்த ஜாயிண்ட் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்தால் ஆட்டம் நிற்கிறதா? அப்படியானால் வீல் பேரிங். நிற்கவில்லையென்றால் ஸ்விவல் பின், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு. பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க மறக்க வேண்டாம். சீரீஸ் வண்டியின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது.

ஜாயிண்ட் மாற்றுவதில் பாதி நேரம் துருவோடு போராட்டம்தான். ராடின் முனை பிளந்த குழாய். அந்தப் பிளவு வழியாக மழைநீரும் செம்மண்ணும் உள்ளே இறங்கி மரையைப் பூட்டிவிடும். முதல் நாள் இரவே எண்ணெய் ஊற்றி வைத்து, மறுநாள் கிளாம்பைக் கழற்றி, பிளவை உளியால் லேசாக அகட்டினால் வழி பிறக்கும். ஒரு ராடில் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. ஆறில் மூன்று இடமரை என்பதைக் கடையில் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கழற்றும் முன் இரண்டு பந்துகளின் நடுவிலிருந்து நடுவுக்கு டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ணுவது போதாது. புது ஜாயிண்டின் நீளமும் மரை தொடங்கும் இடமும் பழையதுபோல் இருக்காது. நட்டைத் தளர்த்தி, மரை முனையோடு சமமாக விட்டுவிட்டு, ஆர்மின் கண்ணுக்கு (தண்டு மாட்டியிருக்கும் ஓட்டைக்கு) ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரே அடி. டேப்பர் (கூம்பாக இறுகியிருக்கும் பகுதி) டக்கென்று விடும். மரை முனையில் அடித்தால் மரைதான் நசுங்கும். முள்கரண்டி மாதிரி இருக்கும் ஆப்பை, தூக்கிப் போடப்போகும் ஜாயிண்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பந்தை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) அது கிழித்துவிடும்.

புதியதை மாட்டும்போது டேப்பர் இரண்டையும் துடைத்துக் காயவிட வேண்டும், கிரீஸ் கூடாது. இரண்டு முனையிலும் மரை ஒரே அளவு உள்ளே போகட்டும். நட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர். கோட்டர் பின் ஓட்டை ஒத்துவராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தி ஒத்துவரச் செய்யாதீர்கள். நட்டோடு தண்டும் சுற்றினால் கீழே ஜாக்கி வைத்து அழுத்திக்கொண்டு இறுக்கலாம். கிளாம்பைப் பூட்டும் முன் இரண்டு ஜாயிண்டையும் ஒரே திசையில் கடைசிவரை சாய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ராடு உருள இடமில்லாமல் ஒன்று தட்டும்.

ரிலேயைப் பலரும் மறந்தே போகிறார்கள். அதற்கு கிரீஸ் நிப்பிள் கிடையாது. மேல் மூடியில் இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஒன்றின் வழியாக ஈபி 90 கியர் எண்ணெயைப் பொறுமையாக ஊற்ற வேண்டும். மற்றது காற்று வெளியேற. கீழ் சீலில் ஒழுகினால் சீலை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் ரிலேயைப் பிரிப்பது தெரிந்தவர் வேலை. உள்ளே அழுத்தி வைத்த ஸ்பிரிங் புஷ்ஷுகளைத் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே எறியும்.

கடைசியாக டோ, அதாவது முன்சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்து நிற்கும் அளவு. சீரீஸ் 3-க்கு டோ-இன் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர், அதாவது சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட அந்த அளவு குறைவு. பின்னால் வந்த டிஃபெண்டர் லேண்ட் ரோவருக்கு அதே அளவு டோ-அவுட். டிஃபெண்டரில் முன்சக்கரம் எப்போதும் இழுக்கிறது, சீரீஸில் சாதாரண ஓட்டத்தில் உருளுவதோடு சரி. இரண்டும் ஒரே ஊரில் ஓடுவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. டயரின் ஓரம் இறகுபோல் சீவியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். அளக்க: வண்டியை முன்னால் மட்டும் உருட்டி நிறுத்தி, ஹப் உயரத்தில் இரண்டு ரிம்மின் உள்விளிம்பிலும் முன்பக்கம் சாக்பீஸால் குறியிட்டு அளந்து, அரைச் சுற்று முன்னால் உருட்டி, அதே குறிகளைப் பின்பக்கத்தில் அளக்க வேண்டும்.

நாட்பட ஓட்டினால் நீடிப்பது இரும்பா ரப்பரா என்று பார்த்தால், ரப்பர்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பெயரில்லா டப்பாவில் வரும் மலிவு ஜாயிண்ட்களில் பந்து நன்றாக இருக்கும்போதே பூட் வெடித்துவிடும். பிறகு தோட்டச் சாலைச் சேறு உள்ளே போய் அரைக்கும். லெம்ஃபோர்டர் மாதிரி நல்லதைக் கொஞ்சம் கூட வெள்ளி கொடுத்து வாங்குவது நியாயம். வண்டி கழுவும்போது தண்ணீர்த் துப்பாக்கியை ரப்பர் உறைக்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் நடுவில் ஆட்டம் மிஞ்சினால், முன்சக்கரத்தை நேராக வைத்து, லாக்நட்டைத் தளர்த்தி, பாக்ஸ் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, இரண்டு ஓரத்துக்கும் ஒடித்துப் பார்க்கலாம். எங்காவது கனத்தால் உடனே பின்வாங்குங்கள். ஒரு வாரம் தோட்டச் சாலையில் ஓடிய பின் கிளாம்ப் போல்ட்களை மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். முதலில் தளர்வது அவைதான்.