பைத்தான் 3.8-இலிருந்து 3.12-க்கு: வேகம் நிஜம்தான், உடைந்தது வேறு இடத்தில்

பைத்தான் நிரல்மொழியின் 3.8 பதிப்புக்கான ஆதரவு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தம்கூட வராது என்றான பிறகு அதிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. எங்களிடம் இருப்பது ஒரு இணைய சேவை, இரவில் ஓடும் ஒரு அறிக்கை வேலை, அப்புறம் யார் எழுதியது என்றே தெரியாத சில ஸ்கிரிப்ட்கள். எல்லாவற்றையும் 3.12-க்கு மாற்றிவிட்டு, அது தினமும் எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் வேகம், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். 3.10-ஐ விட 3.11 பதிப்பு 10 முதல் 60 சதவீதம் வரை வேகம், சராசரியாக 1.25 மடங்கு என்கிறது அதிகாரபூர்வக் குறிப்பு. ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடும்போது, அங்கே வருவது எப்போதும் முழு எண்தானா, எப்போதும் ஒரே வகைப் பொருள்தானா என்று 3.11-இன் இன்டர்பிரெட்டர் (கோடைப் படித்து இயக்கும் பகுதி) கவனிக்கிறது. ஆமென்றால் அந்த இடத்துக்கென்றே ஒரு குறுக்குவழிக் கட்டளையைப் போட்டுக்கொள்கிறது. லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (ஒரே வரியில் லூப் எழுதி லிஸ்ட் உருவாக்கும் முறை) ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் தனி ஃபங்ஷன் உருவாக்கும் வழக்கத்தை 3.12 கைவிட்டது.

எங்கள் இரவு வேலைக்கு இது அப்படியே பொருந்தியது. லாக் வரிகளைப் பிரித்து, டிக்ஷனரியில் சேர்த்து, கூட்டிக் கொடுக்கும் சுத்தமான பைத்தான் லூப் அது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சீக்கிரம் முடிகிறது. இணைய சேவையோ முன்பு எப்படியோ இப்போதும் அப்படியே. அதன் நேரமெல்லாம் டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருப்பதில் போகிறது. அந்தக் காத்திருப்பை பைத்தான் எப்படிக் குறைக்கும்? நம்பை (NumPy) என்ற கணக்கு லைப்ரரியை வைத்துச் செய்யும் கணக்குகளிலும் மாற்றம் இல்லை, அந்த வேலை நடப்பது சி மொழியில். அளந்து பார்ப்பவர்கள் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பைட்கோடு கேஷ் (கம்பைல் செய்து சேமித்து வைத்த கோடு) ஒவ்வொரு பதிப்புக்கும் தனி என்பதால், புதிய பதிப்பு முதல் முறை எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யும்.

இனி உடைந்தவை. மொழியின் இலக்கணத்தில் ஒன்றும் உடையவில்லை என்றே சொல்லலாம். அடி விழுந்தது அதைச் சுற்றி இருப்பவற்றில். லைப்ரரிகளைக் கட்டி இன்ஸ்டால் செய்ய உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக உருவாக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (ஒரு புரோஜெக்டுக்கென்றே தனியாக வைக்கும் பைத்தான் அமைப்பு) அதே வேலையைச் செய்யும் செட்டப்டூல்ஸும் தானாக வராது. சரி, நாமே போட்டுக்கொள்ளலாம் என்றால், இன்ஸ்டால் செய்ய வேண்டியவற்றின் எங்கள் பட்டியலில் செட்டப்டூல்ஸின் பழைய பதிப்பு ஒன்று பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அது பிகேஜியூட்டில் மாட்யூலுக்குள் இம்ப்இம்போர்ட்டர் என்ற கிளாஸைத் தேடும். 3.12-இல் அதுவும் இல்லை. நம் புரோகிராமின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே, இன்ஸ்டால் கட்டத்திலேயே பிழை வந்து சிவப்பு. பிழைச் செய்தியைப் பார்த்தால் நம் கோடில்தான் ஏதோ தப்பு என்று தேட ஆரம்பிப்போம். செட்டப்டூல்ஸை உயர்த்தினால் தீர்ந்தது.

அடுத்தது நம்பை. 3.12-க்கு நம்பை 1.26 ஆவது வேண்டும். ஆனால் நம்பையின் இன்ட், ஃப்ளோட் என்ற பழைய மாற்றுப்பெயர்கள் 1.24-லேயே போய்விட்டன. பைத்தானை மாற்றப் போனால் நம்பை மாறுகிறது, நம்பை மாறினால் கணக்குக் கோடு விழுகிறது. எங்கள் கோடில் திருத்துவது எளிது, வெறும் இன்ட் என்று எழுதினால் போதும். கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு சின்ன லைப்ரரிக்குள் அதே பெயர் இருந்ததுதான் தலைவலி. கடைசியில் அதைக் கழற்றிவிட்டோம். இதில் ஒரு வசதி உண்டு: நம்பை 1.24 பைத்தான் 3.8-இலும் ஓடும். பைத்தானைத் தொடாமல் முதலில் நம்பையை மட்டும் 1.24-க்கு உயர்த்தி இந்தச் சண்டையைத் தனியாக முடித்துக்கொள்ளலாம்.

சிலவற்றை மட்டும் குலுக்கி எடுத்துத் தரும், ரேண்டம் மாட்யூலின் சாம்பிள் ஃபங்ஷனுக்கு நேராக ஒரு செட்டைக் (வரிசை இல்லாத தொகுப்பு) கொடுப்பது 3.11-இலிருந்து பிழை. லிஸ்ட்டாக மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஓடவும் செய்யும். ஆனால் செட்டில் இருப்பவை சரங்கள் (ஸ்ட்ரிங்) என்றால், செட்டுக்குள் அவற்றின் இடத்தைத் தீர்மானிக்கும் ஹேஷ் எண் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், அதோடு வரிசையும் மாறும். சீட் (குலுக்கலின் தொடக்க எண்) கொடுத்து எப்போதும் ஒரே மாதிரி வேண்டும் என்பவர்கள் வரிசைப்படுத்தியே கொடுக்க வேண்டும். இந்தப் பழக்கத்துக்கான எச்சரிக்கை 3.9-இல்தான் வந்தது. 3.8-இல் எத்தனை முறை டெஸ்ட் ஓட்டினாலும் கண்ணில் படாது. இதனால்தான் ஒரே தாவலில் 3.12-க்குப் போகாதீர்கள் என்கிறேன். 3.9, 3.10, 3.11 என்று ஒவ்வொன்றிலும் எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டுங்கள். இன்று எச்சரிக்கையாக வருவதுதான் இரண்டு பதிப்பு தள்ளிப் பிழையாக வந்து நிற்கிறது. கலெக்ஷன்ஸ் மாட்யூலிலிருந்து நேரடியாக மேப்பிங்கை எடுக்கும் பழைய கோடு அப்படித்தான் 3.10-இல் விழும். டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ-யின் அமைப்புக் கோப்பில் 3.10 என்பதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோப்பின் வடிவமான யாமல் (YAML) அதை 3.1 என்று படித்துவிட்டு இல்லாத பதிப்பைத் தேடிக்கொண்டிருக்கும்!

3.12-இல் லாக் முழுக்க நிரம்புவது இரண்டு எச்சரிக்கைகள்: டேட்டைம் மாட்யூலில் இப்போதைய யூடிசி நேரத்தைத் தரும் யூடிசிநவ் பற்றி ஒன்று, ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு) ரா ஸ்ட்ரிங்காக, அதாவது முன்னால் r போட்டு எழுதாமல் விட்ட பேக்ஸ்லாஷ் பற்றி இன்னொன்று. இரண்டும் இப்போதைக்கு எதையும் நிறுத்தாது.

எனக்கு வேகத்தைவிடப் பிடித்தது 3.11-இல் வந்த பிழைச் செய்திதான். ஒரே வரியில் நான்கு அடுக்கு டிக்ஷனரியைத் தோண்டும்போது, எந்த அடுக்கில் சிக்கியது என்று அந்தத் துண்டின் அடியிலேயே குறி போட்டுக் காட்டுகிறது. இரவு வேலை நின்றுபோனால் காலையில் லாக்கைத் திறப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். 3.13-க்கு இப்போது அவசரப்படவில்லை. அதில் சிஜிஐ, டெல்நெட்லிப் உட்பட 19 பழைய மாட்யூல்களை எடுத்துவிட்டார்கள், எங்கள் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று வேறு கணினியோடு இன்னும் டெல்நெட் என்ற பழைய முறையில்தான் பேசுகிறது. 3.12-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை உண்டு. அதற்குள் அந்த ஸ்கிரிப்ட்டை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.