ஐடிலிங் நிற்கவில்லை என்றதும் கார்ப்பரேட்டரை மாற்றச் சொன்னால் உஷார்

ஸ்ப்ளெண்டர், பேஷன், சிடி 100 மாதிரி பழைய கார்ப்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பைக் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். (2020 ஏப்ரலுக்கு அப்புறம் புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.6-படி வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்ப்பரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான். அவர்கள் தப்பித்தார்கள்.) ஐடிலிங் நிற்கவில்லை, அதாவது ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது என்று போனால், சில பட்டறைகளில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி அனுப்பிவிட்டு, திரும்பப் போனதும் கார்ப்பரேட்டரே போச்சு என்று தலையில் கட்டுகிறார்கள். எனக்கு 2,400 ரூபாய் போனது.

என்னுடையது 2009 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ். வெளியூர் போயிருந்ததால் கொஞ்ச காலம் எடுக்காமலே கிடந்தது. அதற்கப்புறம் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது, ஆக்சிலேட்டரை விட்டால் மட்டும் அணைந்துவிடும். ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் பச்சை விழுந்த பிறகு கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பவனைப் பின்னால் நிற்கும் பஸ் டிரைவர் என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வழக்கமாகப் போகாத ஒரு பட்டறையில் விட்டேன். எதையும் கழற்றவில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நாலு திருகு, 'டியூனிங்' 150 ரூபாய். இன்ஜின் அணையவில்லை, ஆனால் உறுமிக்கொண்டே இருந்தது. முதல் கியர் போட்டால் டங்கென்று ஒரு இடி. ஆக்சிலேட்டரை மூடினாலும் வேகம் குறையாது. பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. திரும்பப் போய்க் கேட்டால், “கார்ப்பரேட்டர் தேஞ்சு போச்சுங்ணா, இனி டியூனிங் நிக்காது” என்றார். புதிது என்று ஒன்றை மாட்டினார். அதில் கம்பெனிப் பெயரே இல்லை. என் வண்டியில் இருந்ததில் கெய்ஹின் என்று உடம்பிலேயே பொறித்திருக்கும். பழையது எங்கே என்றால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். சத்தம் போட்ட பிறகு ஷெல்ஃபுக்கு அடியிலிருந்து வந்தது, பெட்ரோலில் பளபளவென்று கழுவி, அடுத்த ஆளுக்குத் தயாராக!

அதை எடுத்துக்கொண்டு பெருந்துறை ரோட்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். “ஏனுங் தம்பி, இதுல என்ன தேஞ்சிருக்குன்னு மாத்துனாங்க?” என்றபடி என் கண்ணெதிரே பிரித்தார். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன துவாரமான ஸ்லோ ஜெட் அடைத்திருந்தது, அவ்வளவுதான். நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி படிந்துவிடுகிறது. கிளீனர் அடித்து, காற்று பிடித்து மாட்டினார். குத்தூசி விடவில்லை, கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகி மைலேஜ் போய்விடுமாம். இப்போது அதே பழைய கார்ப்பரேட்டரில்தான் ஓட்டுகிறேன்.

அவர் சொல்லித்தான் முதல் பட்டறையில் நடந்தது புரிந்தது. கார்ப்பரேட்டரில் வெளியே இரண்டு ஸ்க்ரூ உண்டு. ஐடிலிங் ஸ்க்ரூ, உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தும். ஏர் ஸ்க்ரூ காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும். ஐடிலிங்கில் பெட்ரோல் வர வேண்டியது ஸ்லோ ஜெட் வழியாக. அது அடைத்திருக்கும்போது ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றினால், ஸ்லைடு தூக்கிக்கொண்டு பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோல் வரும். வண்டி அணையாது, அடைப்பும் போகாது. காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரைத் துடைத்து வைப்பது மாதிரி.

இதை நீங்களே பார்க்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, சோக்கை ஆஃப் செய்து, ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சத்தம் மாற வேண்டும். மாறவே இல்லையென்றால் ஜெட் அடைத்திருக்கலாம், இல்லை ஸ்லைடு அளவுக்கு மேல் தூக்கியிருக்கலாம். சத்தம் மாறினால், இன்ஜின் எந்த இடத்தில் அதிக வேகமாகச் சுற்றுகிறதோ அங்கே நிறுத்தி, அப்புறம் ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். ஸ்ப்ளெண்டருக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று (ஆர்பிஎம்) பக்கம் இருக்க வேண்டும். ஆர்பிஎம் மீட்டர் இல்லாததால் காதுதான் கணக்கு. தொடுவதற்கு முன் ஏர் ஸ்க்ரூ, முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்று திறந்திருந்தது என்று குறித்துவையுங்கள். மூடும்போது இறுக்கினால் முனை கெட்டுவிடும்.

கார்ப்பரேட்டர் தேயாது என்று சொல்லவில்லை. ஸ்லைடு தேய்ந்த வண்டிகள் இருக்கின்றன. ஆனால் ஜெட்டைக் கழுவி, இன்ஜினோடு சேரும் இடத்தில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வழியாகக் காற்று இழுக்கிறதா என்று பார்த்து, டேப்பெட்டையும் (வால்வு இடைவெளி) சரிபார்த்த பிறகுதான் அந்தப் பேச்சே வர வேண்டும். என் வண்டியில் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

முதல் பட்டறையில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “மாட்டுன சாமானத்த வாபஸ் எடுக்க மாட்டோங்ணா” என்று முடித்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது 'கார்ப் 2,400' என்று பேனாவில் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு, கடைப் பெயர்கூட இல்லை. சாமான் மாற்றச் சொன்னால், கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், கடைப் பெயர் போட்ட பில்லும் பழைய சாமானும் கைக்கு வராமல் காசை எடுக்காதீர்கள்.