லிங்க்ட்இன் ப்ரொஃபைலுக்கு 17,700 ரூபாய்: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

என் லிங்க்ட்இன் ப்ரொஃபைலை மாற்றி எழுதித் தரச் சொல்லி ஒரு நிறுவனத்துக்கு 17,700 ரூபாய் கொடுத்தேன். முதலில் அவர்களுக்கு மதிப்பெண். கேள்வி கேட்ட விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து. எழுதிக் கொடுத்ததற்கு ஒன்று. பக்கத்தின் தலையில் வரும் பேனர் படத்துக்கு முட்டை. சராசரி பார்த்தால் இரண்டுதான் வரும். அந்தக் கேள்விகளுக்காக மனமிரங்கி மூன்று போடுகிறேன்.

நான் திருப்பூரில் தனியாக இன்ஸ்பெக்‌ஷன் எடுத்துச் செய்கிறவள். முன்பு ஒரு பையிங் ஆபீஸில் (வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கும் அலுவலகம்) க்யூ.சி., அதாவது தரம் பார்க்கும் ஆள். இப்போது வெளிநாட்டு பையர்களுக்காகத் துணி தைக்கும் கம்பெனிக்குப் போய், பேக்கிங் ஆன பெட்டிகளைப் பிரித்து, பீஸ்களை அளந்து பார்த்து, ரிப்போர்ட் கொடுக்கிறேன். இந்த மாதிரி வேலைக்கு பையர் தேடுகிற இடம் லிங்க்ட்இன்தான். ஆனால் என் பக்கத்துக்கு வந்ததெல்லாம் வேலைவாய்ப்பு கன்சல்டன்சிக்காரர்கள். "மேடம், க்யூ.சி. வேகன்சி இருக்கு, எக்ஸ்பெக்டட் சேலரி?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படத்தைச் சுற்றி 'ஓப்பன் டு வொர்க்' என்ற பச்சை வளையம், பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் 'க்வாலிட்டி கன்ட்ரோலர்' என்ற பழைய பதவிப் பெயர். வேலை தேடும் ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சேவை கொடுத்தது சென்னையில் இரண்டு பேர் நடத்தும் சின்ன நிறுவனம். கட்டணம் 15,000, ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒரு நீண்ட வீடியோ கால், ஹெட்லைன், அபௌட் (நம்மைப் பற்றிய அறிமுகம்), பேனர், இரண்டு முறை திருத்தம். நல்லதும் கெட்டதும் கலந்தே எழுதுவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

அந்த வீடியோ காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் கனவு, லட்சியம் என்று ஆரம்பிப்பார்கள் என நினைத்திருந்தேன். அந்தப் பெண் எடுத்த எடுப்பில், "கடைசியா பில் போட்ட க்ளையன்ட் மூணு பேரைச் சொல்லுங்க மேடம்" என்றார். யார் மூலமாக வந்தார்கள், முதல் மெயிலில் என்ன கேட்டார்கள், யாருக்கு வேலை செய்து அலுத்துப் போனது, யார் பேரம் பேசாமல் பணம் கொடுத்தது. மெயிலைத் திறந்து அப்படியே வாசிக்கச் சொன்னார்.

வாசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பெரிய பிராண்டுகள் என்னிடம் வரவே போவதில்லை. அவர்களுக்குச் சொந்த க்யூ.சி. இருக்கும், அல்லது அவர்களே நியமித்த பெரிய இன்ஸ்பெக்‌ஷன் ஏஜென்சி இருக்கும். என்னிடம் வந்தவர்கள் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் குழந்தைத் துணி விற்கும் குட்டி பிராண்டுக்காரர்கள். ஆர்டர் 500 பீஸிலிருந்து 3,000 பீஸ் வரை. திருப்பூரைக் கண்ணால் பார்த்ததில்லை. 30 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள், மீதி 70-ஐ சரக்கு கிளம்பும் முன் அனுப்பச் சொல்லி கம்பெனி கேட்கும். அந்த 70-ஐ அனுப்பலாமா வேண்டாமா என்பதுதான் அவர்களுடைய ஒரே கவலை. எத்தனை வருட அனுபவம், என்ன படிப்பு என்று அந்த மெயில்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதிலிருந்து வந்த ஹெட்லைனின் சாரம் இது: 'திருப்பூரில் துணி தைக்கக் கொடுத்திருக்கிறீர்களா? மீதிப் பணம் அனுப்பும் முன் உங்கள் சரக்கை நேரில் பார்த்துச் சொல்கிறேன்.' ஆங்கிலத்தில்தான் போட்டிருக்கிறேன். ஹெட்லைனுக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் தேடும்போதும், கமென்ட் போடும்போதும், மொபைலில் ஆரம்பம் மட்டுமே தெரியும். அதனால் ஊர்ப் பெயரும் பையரின் பிரச்சினையும் முன்னால், சான்றிதழ் எல்லாம் பின்னால். இந்த வரிசை அவர்கள் சொன்னது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு ஒரு சலாம்.

ஊர்ப் பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் எழுதுவார்கள், இரண்டு 'பி' போட்டும் எழுதுவார்கள். பையர் எதை அடித்துத் தேடுவார் என்று யாருக்குத் தெரியும்? அபௌட் பகுதியில் இரண்டையும் நுழைத்துவிட்டேன். இது அவர்கள் சொல்லாதது.

இனி எழுத்து. அபௌட் பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம். திறந்து படிக்காதவர் கண்ணில் படுவது முதல் இரண்டு மூன்று வரி. அந்த வரிகளில் எனக்குக் கிடைத்தது, 'ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க, விளைவுகளை நோக்கிய தர நிபுணர்' ரகம். அவ்வளவு நல்ல கேள்விகளைக் கேட்ட பெண்தான் இதை எழுதினாரா என்றே சந்தேகம். திருத்தம் கேட்டேன். 'நிபுணர்' போய் 'வல்லுநர்' வந்தது, அவ்வளவுதான். அப்புறம் நானே உட்கார்ந்து எழுதினேன்: 3,000 பீஸ் ஆர்டர் என்றால் சாதாரண இன்ஸ்பெக்‌ஷன் லெவலில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பேன், ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) 2.5 என்றால் மேஜர் குறை ஏழு வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில்; எல்லா பீஸும் தைத்து முடிந்து, குறைந்தது 80 சதவீதம் பேக்கிங் ஆகியிருந்தால்தான் கடைசிச் சோதனைக்கு வருவேன். தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருக்கும் பையருக்கு இதுதான் தெரியாது.

பேனரில் ஒரு பூகோள உருண்டை, கைகுலுக்கும் இரண்டு கைகள், இடது பக்கம் என் தொழில் விவரம். அளவு மட்டும் சரி, 1584-க்கு 396 பிக்சல். ஆனால் ப்ரொஃபைல் படம் உட்காருவது அந்த இடது பக்கத்தில்தான். மொபைலில் பார்த்தால் எழுத்தில் பாதி என் முகத்துக்குப் பின்னால். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஒரு தடவை போனில் திறந்து பார்த்திருக்க வேண்டாமா?

அதைத் தூக்கிவிட்டு என் மேஜையைப் படம் பிடித்துப் போட்டேன். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பார்க்கத் துணி வெட்டும் கட்டர், பக்கத்தில் அது வெட்டிய வட்டத் துணி, தராசில் 1.72 கிராம். அந்த வட்டம் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் என்பதால் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். 180 கேட்ட பையருக்கு 172 துணி என்று அந்தப் படமே சொல்லிவிடுகிறது. எல்லாம் வலது பக்கமாக வரும்படி வைத்திருக்கிறேன்.

அவர்கள் சொன்னதில் இன்னொரு உருப்படியான யோசனை, நம் வேலை மாதிரிகளைக் காட்டி வைக்கும் ஃபீச்சர்ட் பகுதி. 'ஒரு கேஸ் ஸ்டடி போடுங்கள்' என்றார்கள். எனக்குக் கதை எழுத வராது. ஒரு பழைய ரிப்போர்ட்டையே பி.டி.எஃப். ஆக ஏற்றினேன்: அளவுப் பட்டியல், கழுத்துப் பட்டையில் விட்டுப்போன தையலின் படம், பெட்டி எண்ணிக்கை. பையர் பெயர், கம்பெனி பெயர், ஸ்டைல் நம்பர், லேபிள், பார்கோடு எல்லாவற்றையும் மறைத்துத்தான். அப்படியும் மறுநாளே ஒரு கம்பெனிக்காரர் போன். "ஏனுங்க்கா, நம்ம கம்பெனி பேரு ஏதும் வராதுங்களே?" வராது என்று சொல்லி, மறைத்த பக்கங்களை வாட்ஸாப்பில் அனுப்பியபிறகுதான் சமாதானமானார். இங்கே தொழில் செய்வதென்றால் பையரைப் போலவே இவர்களும் முக்கியம். சென்னைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புரியவில்லை.

இப்போது வரும் செய்திகளில் பெரும்பாலானவை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வருபவை. 'இதே மாதிரி எனக்கும் வேண்டும், ஒரு நாளுக்கு எவ்வளவு?' என்று நேராக விஷயத்துக்கு வருகிறார்கள். எண்ணிக்கை ஒன்றும் குவியவில்லை. ஒரு டென்மார்க் பையர் மட்டும் நிரந்தரமாகிவிட்டார், கட்டணம் அதிலேயே வந்துவிட்டது. கன்சல்டன்சிக்காரர்கள் கிட்டத்தட்ட நின்றுவிட்டார்கள். அதற்குப் பச்சை வளையத்தை எடுத்ததே போதும், அது இலவசம்.

பிடிக்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று, நாங்களே மாற்றித் தருகிறோம் என்று பாஸ்வேர்ட் கேட்டார்கள். கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டை யாரிடமும் பகிரக்கூடாது என்று லிங்க்ட்இன் விதியிலேயே இருக்கிறது; கணக்கு முடங்கினால் நஷ்டம் நமக்கு. நான் ஸ்க்ரீன் ஷேர் போட்டு நானே மாற்றினேன். இரண்டு, ரெகமண்டேஷன் வேண்டுமென்றால் 'எங்கள் நெட்வொர்க்கில் ஏற்பாடு செய்கிறோம்' என்றார்கள். முன்பின் தெரியாத ஆள் என் வேலையைப் பாராட்டுவதா? வேண்டாம் என்றுவிட்டு, ஆர்டர்களைக் கவனிக்கும் பழைய மெர்ச்சண்டைசர் ஒருவரிடம் 'அந்த ஷேட் வேரியேஷன் (துணிக்குத் துணி நிறம் மாறுவது) விஷயத்தைப் பற்றி மட்டும் ரெண்டு வரி எழுதுங்கண்ணா' என்று கேட்டேன். பொதுவாக 'ஏதாவது எழுதுங்க' என்று கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.

மாதா மாதம் போஸ்ட் எழுதித் தரும் பேக்கேஜையும் விற்கப் பார்த்தார்கள். அபௌட் எழுதிய லட்சணத்தைப் பார்த்தபிறகு அது தேவைப்படவில்லை.

அந்த வீடியோ கால் மட்டும் தனியாகக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். என் தோழிக்கு 5,000-க்குக் கொடுத்திருக்கிறார்கள். போகும்போது பழைய பில்களையும் க்ளையன்ட் மெயில்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்களிடமும் ஒரு பில் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி சேர்த்து வாங்கிய பணத்துக்கு, நான் மூன்றாவது முறை மெயில் போட்டபிறகுதான் இன்வாய்ஸ் வந்தது.