ஸ்டிக்லர் வழியா, சிம்ப்ளெக்ஸ் வழியா? ஒரு சாப்பாட்டுக் கணக்கு

சத்துக் குறையாமல் ஒருவர் வருடம் முழுக்கச் சாப்பிட, குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும்? நேரிய அசமன்பாடுகள் (இவ்வளவுக்குக் குறையக் கூடாது, இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று கணக்கில் எழுதும் கட்டுப்பாடுகள்) எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-ல் இதை எழுதினார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள். சத்துக்கு ஒரு அசமன்பாடு: ஒரு நாளைக்குக் கலோரி ≥ 3000, புரதம் ≥ 70 கிராம், இரும்புச்சத்து ≥ 12 மில்லிகிராம் என்று ஒன்பது. அப்புறம் எந்தப் பொருளின் அளவும் ≥ 0. மைனஸ் இரண்டு கிலோ முட்டைகோஸை யாராலும் தின்ன முடியாதே!

ஸ்டிக்லரின் வழி கைப்பக்குவம். ஒரே காசுக்கு எல்லாச் சத்திலும் இன்னொன்றிடம் தோற்கும் பொருள்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கோதுமை மாவு, டின் பால், முட்டைகோஸ், பசலைக்கீரை, உலர் பீன்ஸ் ஆகிய ஐந்தும் தேறின. 1939 விலையில் வருடத்துக்கு 39.93 டாலர். ஆனால் இதற்கும் கீழே போகவே முடியாது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

1947-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறை வந்தது. அசமன்பாடுகள் எல்லாம் சேர்ந்து வளைத்துப்போடும் பகுதியின் ஒரு முனையில் தொடங்கி, செலவு குறைவான அடுத்த முனைக்கு நகர்ந்துகொண்டே போகும். பக்கத்து முனை எதுவும் மலிவாக இல்லையென்றால் நின்றுவிடும். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த ஜாக் லேடர்மன் குழு இதே கணக்கைக் கையால் இயக்கும் இயந்திரங்களில் போட்டது. சுமார் 120 ஆள்-நாள் உழைப்பு. டின் பால் போய் ஈரல் வந்தது, விடை 39.69 டாலர். வருடத்துக்கு 24 சென்ட் மிச்சம், அவ்வளவுதான்!

தோராய விடை போதுமென்றால் ஸ்டிக்லர் வழியே லாபம். ஆனாலும் என் ஓட்டு சிம்ப்ளெக்ஸுக்குத்தான். 'இனி குறையாது' என்று அடித்துச் சொல்லும் உத்தரவாதம் அதில்தான் உண்டு. தவிர, பொருள்கள் ஆயிரமானால் கைப்பக்குவம் கைவிட்டுவிடும்.

ஆனால் எழுத மறந்த அசமன்பாட்டை சிம்ப்ளெக்ஸ் தானாகக் கண்டுபிடிக்காது. 1950-களில் உடல் எடையைக் குறைக்க டான்சிக்கே தன் உணவைக் கணினியில் போட்டார். தினமும் 200 சூப் கட்டிகள் சாப்பிடச் சொன்னது! நான்கை வெந்நீரில் கரைத்து வாயில் வைத்தவர் உப்புத் தாங்காமல் துப்பிவிட்டார். உப்புக்கு யாரும் ≤ போடவில்லை. சரி, கட்டிகள் ≤ 3 என்று சேர்த்தார். அடுத்து தினம் இரண்டு பவுண்டு தவிடு வந்தது. அதற்கும் வரம்பு போட்டால் கரும்புப்பாகு. கடைசியில், கணினியிடம் யோசனை மட்டும் கேட்டுக்கொண்டு, என்ன சமைப்பது என்பதை அவர் மனைவியே தீர்மானித்தார்.