கணவர் வைத்த பிணைக் கையொப்பம்: மனைவி முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ கடை எடுப்பதற்கு முற்பணம் மட்டும் போதாது. பிணைக்கும் ஓர் ஆள் வேண்டும். தம்பிக்காகவோ மச்சானுக்காகவோ மூத்தவர் கையொப்பம் வைத்துவிடுவார். அவர் இறந்து, வாடகையும் நின்றுபோனால், கடைக்காரத் தம்பியை விட்டுவிட்டுக் கடைச் சொந்தக்காரர் நேரே மனைவியிடம் வருகிறார். முப்பத்தோராம் நாள் கிரியை முடியுமுன், முஸ்லிம் வீடானால் இத்தா (கணவரை இழந்தவர் காத்திருக்கும் காலம்) முடியுமுன், தட்டச்சு செய்த தாள் ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். "காலஞ்சென்ற எனது கணவர் பிணை நின்ற வாடகை நிலுவையை மாதாந்தத் தவணையில் நானே செலுத்தி முடிப்பேன்" என்று அதில் எழுதியிருக்கும். கீழே முத்திரை ஒட்ட இடமும் விட்டிருப்பார்கள்.

அந்தத் தாளில் கையொப்பமிடலாம். கணவரின் சொத்தை நீதிமன்றம் மூலம் நிர்வகித்துக் கடனைத் தீர்க்கலாம். எதுவும் செய்யாமல் வழக்கு வரட்டும் என்று இருக்கலாம். அல்லது பேசி, முழு விடுதலை எழுதி வாங்கலாம்.

எதைத் தெரிவுசெய்வதென்றாலும் முதலில் பழைய பிணைப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். மனைவியின் பெயர் அதில் சாட்சியாக மட்டும் இருந்தால் அவருக்குக் கடன் இல்லை. இரண்டாவது பிணையாளியாக, "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற சொற்களுக்குக் கீழே கையொப்பமிட்டிருந்தால் அது அவருடைய சொந்தக் கடன். கணவரின் மறைவு அதைக் குறைக்காது. அப்படிப்பட்டவருக்குப் பேசித் தீர்ப்பதே பெரும்பாலும் மிஞ்சும் வழி.

கையொப்பமே இல்லாதவரின் நிலை வேறு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவர் கடனுக்குப் பொறுப்பேற்பது எழுத்தில், ஏற்பவரின் கையொப்பத்தோடு இருந்தாலே செல்லும். 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தைத் தனிச் சொத்தாக்கியது; அது முஸ்லிம்களுக்குப் பொருந்தாது, ஆனால் முஸ்லிம் சட்டப்படியும் மனைவியின் சொத்து அவருடையதே. ஆகவே பிணைக் கடன் கணவர் விட்டுச் சென்ற சொத்தின் மீது நிற்கிறது, மனைவியின் மீது அல்ல.

கிழக்கில் இது பெரிய விஷயம். இங்கே, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவதே பெருவழக்கு. உறுதி மனைவியின் பெயரில் மட்டும் இருந்தால் கணவரின் கடன்காரர் அந்த வீட்டைத் தொட முடியாது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதால் இருவர் பெயரிலும் உறுதி எழுதியிருந்தால் கணவரின் பங்கு கடனுக்கு அகப்படும். யாழ்ப்பாணத்து உறவினர் "தேடிய தேட்டத்தில் (மணவாழ்வில் சேர்த்த சொத்தில்) பாதி" என்று சொல்லும் தேசவழமைச் சட்டக் கணக்கு மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. தேசவழமை வடக்குத் தமிழருக்கானது. கணவர் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரானால் மட்டும் சட்டத்தரணியிடம் தனியாகக் கேட்க வேண்டும். முஸ்லிம் குடும்பத்திலும் கடன் தீர்ந்த பின்னரே பங்கு. ஆனால் கொடுபடாத மஹரும் (கணவர் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை) கணவரின் கடன்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். நான்கு வழிகளிலும் மிக மோசமானது அதில் கையொப்பமிடுவது. கைம்மாறாக எதுவும் பெறாமல் எழுதிக் கொடுத்தது செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். இலங்கையில் அப்படியல்ல. இங்கு ஒப்பந்த விடயத்தில் நடைமுறையிலிருப்பது உரோமன் டச்சுச் சட்டம். ஒழுக்கக் கடமையுணர்வில் தந்த வாக்குறுதியும் கட்டுப்படுத்தும் என்பதை ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் 1918இலேயே அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. "அவர் பெயர் கெடக்கூடாது" என்று கண்ணீரோடு வைக்கும் ஒரு கையொப்பம், இல்லாத கடனை உருவாக்கி, சீதன வீட்டையும் அந்தக் கடனுக்கு அகப்பட வைத்துவிடும். துக்க வீட்டுக்குத் தாளோடு வருபவர் நல்லவராகவே இருக்கலாம். அதற்காகக் கையொப்பமிட வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் மரணசாதன வழக்கு, கணவர் பெயரில் காணியோ பெருந்தொகையோ இருந்தால் நல்ல வழி. மாவட்ட நீதிமன்றம் நிருவாகியை நியமிக்கும். சொத்துப் பட்டியல் நீதிமன்றக் கோவைக்குப் போகும். கடன்காரர்கள் அங்கே வந்து கேட்க வேண்டும். செலவும் தாமதமும் உண்டு. ஆனாலும் சொத்தின் அளவைத் தாண்டிக் கடன் போகாது என்ற வேலி கிடைக்கிறது. கணவர் பெயரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தவிர எதுவும் இல்லாத குடும்பத்துக்கு இது வீண் அலைச்சல்.

அப்படிப்பட்டவருக்கு மூன்றாவது வழி, அதாவது சும்மா இருப்பது, தவறில்லை. எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்குப் போட 6 ஆண்டு காலவரையறை; சிறிய தொகையானால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். ஆபத்து இரண்டு. கணவரின் பொருளை விற்றுச் செலவு செய்தால், அதன் பெறுமதியளவுக்கு மனைவி மீதே வழக்கு வரலாம். நீதிமன்ற அழைப்பாணையைப் பெற்றும் போகாமலிருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பாணை கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் அதை நீக்கக் கேட்க வேண்டும். அறியாமையில் இருப்பவருக்கு 14 நாள் சட்டென்று ஓடிவிடும். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வசதியில்லாதவர்கள் அழைப்பாணையோடு அங்கே போகலாம்.

கணவருக்குக் கொஞ்சம் சொத்து இருந்து, ஊரில் முகம் பார்த்து வாழவும் வேண்டுமென்றால் நான் நான்காவது வழியையே சொல்வேன். பேசும்போது கேட்க வேண்டியவை நிறைய. முற்பணம் எவ்வளவு, அது நிலுவையில் கழிக்கப்பட்டதா? குத்தகைக் காலம் எப்போது முடிந்தது? அவர் இறந்த பின் தம்பியோடு புதிய குத்தகை எழுதியிருந்தால், பழைய பிணை பொதுவாக அதற்கு நீளாது; பத்திரம் வேறுவிதமாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் தம்பியிடம் அறவிட்டு வரச் சொல்லும் உரிமை பிணையாளிக்கு உண்டு, ஆனால் அச்சடித்த பத்திரங்களில் பெரும்பாலும் அந்த உரிமையைக் கைவிடும் வாசகம் சேர்ந்திருக்கும். கணவரின் சொத்திலிருந்து செலுத்தியதைத் தம்பியிடம் திரும்பக் கேட்கலாம். குடும்பத்தில் இதைப் பேசுவது கடினம், பேசத்தான் வேண்டும்.

தொகை ஒத்துவந்தால் பணத்தைக் கொடுக்கும் அதே நாளில், அதே மேசையில் எழுத்து வாங்க வேண்டும். வெறும் பற்றுச்சீட்டு போதாது. "காலஞ்சென்றவரின் சொத்திலிருந்து பெற்றுக்கொண்டேன், இப்பிணை தொடர்பாக அவரது சொத்தின் மீதோ மனைவி, பிள்ளைகள் மீதோ இனி எக்கோரிக்கையும் இல்லை" என்று கடைச் சொந்தக்காரர் கையொப்பமிட்டு, மூலப் பிணைப் பத்திரத்தையும் திருப்பித் தர வேண்டும்.