மண்கரையா, கான்கிரீட் சுவரா?

வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிற்பதே மண்கரையை நம்பித்தான். எங்கள் கடலோர ஊரின் வெள்ளத்தடுப்புக்கும் அதையே கேட்கிறேன்.

கான்கிரீட் சுவர் இடம் அடைக்காது, நண்டு வளை தோண்ட முடியாது, சரி. ஆனால் உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்துச் சுவர் வெடித்தால், சரிசெய்ய ஊராரால் ஆகாது. மண்கரைக்குக் களிமண்ணும் ஆட்களும் போதும்.

மண்கரைக்கு எமன் இரண்டு: மேலே வழியும் நீர், உள்ளே துளைக்கும் கசிவு. முதலாவதற்குக் கலுங்கு, அதாவது மிகுநீர் வெளியேறும் வழி, அகலமாக இருக்க வேண்டும். இரண்டாவதற்கு, ஐப்பசி கார்த்திகை மழையில் ஆள் நடந்து பார்க்க வேண்டும். கரையடியில் கசியும் நீரைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிந்திருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கியிருந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது, உடனே கசிவைச் சுற்றி மணல் மூட்டை அடுக்க வேண்டும்.

அப்புறம், கரையில் சீமைக்கருவேலத்தை வளரவிடாதீர்கள். வேர் மக்கினால் அதுவே நீருக்கு வழி.