கடையில் அறுத்தது ஒரு வாள், பையில் வந்தது வேறு வாள்

மலைக்கு அந்தப் பக்கம் விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு, வருகிற வழியில் கைக்கு அடக்கமாக ஒரு ரம்பம் வாங்கி வரலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 650 ரூபாயும், ஆள்காட்டி விரலில் இரண்டு தையலும்.

எனக்குச் செங்கோட்டை. 1956இல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும் உறவில் பாதி இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆவணியில் கேரளாவில், புனலூரில் ஒரு வளைகாப்பு. வீட்டில் அப்போது ஒரு வேலை பாக்கி கிடந்தது. குளியலறையில் பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டியதில் தரை முக்கால் இஞ்ச் ஏறிவிட்டது. கதவு பாதி திறந்ததும் தரையில் இடித்து நின்றுவிடும். அடியில் கொஞ்சம் அறுத்தால் தீர்ந்தது. இதற்கெல்லாம் ஆள் கூப்பிட்டால் இன்று நாளை என்று ஒரு மாதம் ஓடும். பிவிசி குழாய், அலமாரிப் பலகை என்று நானே அறுத்துப் பழக்கம் உண்டு, ஹேக்சா பிளேடை வைத்தே ஒப்பேற்றிவிடுவேன். கதவுக்கு அது போதாது என்று தெரிந்த அளவுக்கு விவரம் இருந்தது. எது போதும் என்று தெரிகிற அளவுக்கு இல்லை.

கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடை. "ரம்பம் இருக்கா?" என்றேன். "வாளா, சேச்சி?" என்றார் கடைக்காரர். நம்மூர் ஆசாரிகளும் வாள் என்றுதான் சொல்வார்கள், அதனால் பேச்சு சுலபமாக ஓடியது. மடக்கு வாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஜப்பான் ஸ்டீலாம். "வலிச்சால் மதி, தள்ளண்டா" என்று சொல்லிக்கொண்டே மேஜையில் இறுக்கி வைத்திருந்த ரப்பர் மரத்துண்டை நாலு இழுப்பில் அறுத்துப் போட்டார். பிறகு என் கையில் கொடுத்தார். இழுத்தால் போதும், வாழைத்தண்டை அறுப்பதுபோல் இறங்கியது. எண்ணூறு சொன்னதை அறுநூற்றைம்பதுக்கு இறக்கினேன். அந்தப் பெருமை வேறு.

அறுத்துக் காட்டிய வாளை அவர் மேஜைக்குக் கீழே வைத்தார். உள்ளே போய் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிய புதுசு ஒன்றைக் கொண்டுவந்து பையில் போட்டார். அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரி தனி என்றார். உறையில் அச்சடிக்கிற எம்ஆர்பி எல்லா வரியும் சேர்த்த விலை, அதற்கு மேல் தனி வரி கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ரயிலுக்கு நேரமாகிறது என்று ஜிபேயில் பணத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் வந்தபோது பெட்டியில் எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்க, நான் மடியிலிருந்த பொட்டலத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூலில் படுக்கப் போட்டு, பென்சில் கோடு போட்டு ஆரம்பித்தேன். சொன்னபடி இழுத்தேன். மரத்தின் மேல் சும்மா வழுக்கியது. பத்து இழுப்புக்குக் கொஞ்சம் தூள் வந்தது, அவ்வளவுதான். சரி, தள்ளிப் பார்ப்போம் என்று தள்ளினால் லேசாகக் கடித்தது. ஆனால் தகடு மெலிசு, வில்லாக வளைந்தது. அரை இஞ்ச் ஆழம் போனதும் வாள் அறுப்புக்குள் மாட்டிக்கொண்டு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. வேகமாக அசைத்ததில் பிடியின் பூட்டு நழுவி வாள் மடங்கியது. விரல் நடுவில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கதை வேண்டாம்.

கட்டுப் போட்ட விரலோடு வாளை எடுத்துக்கொண்டு ஆசாரி அண்ணாச்சி பட்டறைக்குப் போனேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பல்லு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாத்தியா?" என்றார். பார்த்தேன். முனையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இழுத்து அறுக்கிற வாளுக்குப் பல் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். இழுக்கும்போது தகடு விறைத்துக்கொள்ளும், அதனால்தான் அந்த வகையில் தகட்டை மெலிசாகச் செய்ய முடிகிறது. தள்ளி அறுக்கிற வாளுக்குத் தகடு தடிமனாக வேண்டும், இல்லாவிட்டால் வளையும். என் கையிலிருந்தது தள்ளுகிற வாளின் பல், இழுக்கிற வாளின் தகடு.

அப்புறம் ஒரு தையல் ஊசியை எடுத்தார். தன்னுடைய பழைய கைவாளைப் பல் மேலே இருக்கும்படி பிடித்து, பல் வரிசையின் மேல் ஊசியை நீளவாக்கில் வைத்து வாளைச் சாய்த்தார். ஊசி தண்டவாளத்தில் ஓடுவதுபோல் முனை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. பல்லை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமும் லேசாகச் சாய்த்திருப்பதால் நடுவில் ஒரு வாய்க்கால் விழுகிறது, ஊசி அதில் ஓடுகிறது. அந்தச் சாய்வால்தான் அறுப்பு தகட்டைவிட ஒரு மயிரிழை அகலமாக விழும், வாள் மாட்டாது. என் வாளில் வைத்த ஊசி வைத்த இடத்திலேயே பக்கவாட்டில் விழுந்தது. வாய்க்காலே இல்லை.

இதோடு விட்டிருந்தால்கூட மட்டமான சரக்கு என்று போயிருக்கும். பல் ஓரமாக நீலக் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. உண்மையான கடினப் பல் வாளில் பல்லை மட்டும் நொடியில் சூடேற்றிக் குளிர வைப்பார்கள், அந்தச் சூட்டில் வருகிற நிறம் அது. அப்படிப்பட்ட பல்லில் அரம் ஏறாது, வழுக்கும். மழுங்கினால் தீட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் சீக்கிரத்தில் மழுங்காது. அண்ணாச்சி அரத்தை வைத்து ஒரு தேய் தேய்த்தார், தகர டப்பாவில் இறங்குவதுபோல் இறங்கியது. துணியில் கொஞ்சம் தின்னரை ஊற்றிப் பல்லைத் துடைத்தார். நீலம் முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. பெயிண்ட்!

என் பங்குக்கும் திட்டு வாங்கினேன். முப்பது இஞ்ச் அகலக் கதவை மடக்கு வாளால் நேராக அறுக்க நினைத்ததே தப்பாம். கதவின் அடியில் நெடுக்குச் சட்டம் வருகிற இடத்தில் மரத்தின் ரேகைக்கு, அதாவது நார் ஓடுகிற திசைக்கு, குறுக்கே அறுக்கிறோம், அடிச் சட்டத்தில் ரேகையோடு போகிறோம். குறுக்கே அறுக்கிற பல் கத்தி மாதிரி, ரேகையோடு அறுக்கிற பல் உளி மாதிரி. இரண்டுக்கும் ஓரளவு ஒத்துப்போகிற பல்லும் சற்று நீளமான விறைப்பான தகடும் வேண்டும். மடக்கு வாள் கொப்பு வெட்ட, ரீப்பர் கட்டை வெட்டச் சரி.

அடுத்த வாரம் திரும்பப் போனேன். கடைக்காரர் வாளைத் தொடக்கூட இல்லை. "ஆணியில் கொண்டு காணும், சேச்சி." ஆணியில் பட்டிருக்குமாம். கதவில் ஆணி இல்லை, காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். தின்னர் துணியைக் காட்டினேன். "இது இங்கே வாங்கினதுதானா?" என்றார். பில் இல்லை என்பது அவருக்குத் தெரியுமே. ஜிபே பதிவைக் காட்டியதும், அது வேறு சாமானுக்கு என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது? அன்று அறுத்துக் காட்டிய வாள் இப்போது மேஜை மேலேயே இருந்தது. பல் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உறையை நன்றாகப் பார்த்தேன். ஜப்பான் என்று ஒட்டிய காகிதம் மட்டும்தான். தயாரித்தவர் முகவரி இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, மாதம் வருடம் இல்லை, எம்ஆர்பியும் இல்லை. 2011ஆம் வருட விதிப்படி பொட்டலச் சரக்கில் இவையெல்லாம் இருந்தாக வேண்டும். வாங்கும்போது அந்த உறையை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

கேரளாவில் வாங்கியதற்கு அங்கே போய் அலைய வேண்டுமே என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரைக்குமான சரக்குக்குக் கட்டணம் கிடையாது. விற்ற சரக்குக்குப் பில் தராததையும் அந்தச் சட்டம் முறைகேடான வணிகம் என்றே சொல்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் பதிந்திருக்கிறேன். உறை, துணி, படம், ஜிபே பதிவு எல்லாம் ஒரு கவரில் இருக்கிறது.

கதவை அண்ணாச்சியே வந்து அறுத்துக் கொடுத்தார். அவர் சொல்லி இந்தப் பக்கமே வாங்கியது 14 இஞ்ச் நீள வாள், மடக்காதது, இஞ்சுக்கு 11 பல். கடையில் உறையைப் பிரிக்கச் சொல்லி, தகட்டைக் கொஞ்சம் வளைத்து விட்டேன், சட்டென்று நேராக நின்றது. கையோடு கொண்டுபோன பலாக்கட்டையில் அதே வாளால் அறுத்துப் பார்த்தேன். கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். அறுத்து முடித்து, ஊசியையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.